கேள்வி – பதில்: பி.ஈ. லைசென்ஸ் தேர்வுக்கு கோச்சிங் கட்டாயமா?

அமெரிக்காவில் ‘புரொஃபஷனல் இன்ஜினியர்’ லைசென்ஸுக்குத் தயாராகும் வாசகர்களின் கேள்விகள் இந்த இதழில். ஒரு சின்ன எச்சரிக்கை: தமிழில் எழுதினால் ஊரில் வாங்கிய பி.இ. பட்டமும் இங்கே வாங்கப்போகும் பி.ஈ. லைசென்ஸும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி தெரியும். இந்தப் பக்கங்களில் பி.ஈ. என்றால் லைசென்ஸ் மட்டும்தான். பட்டத்தைப் பட்டம் என்றே சொல்லிவிடுகிறோம்.

கேள்வி: சிவிலில் வாட்டர் ரிசோர்சஸ் பிரிவு எழுதப்போகிறேன். வேலைக்கு வந்து ஆறு வருஷம். ஆபீசில் பாதிப் பேர் கோர்ஸில் சேரச் சொல்கிறார்கள், பாதிப் பேர் தண்டச் செலவு என்கிறார்கள். கையில் நான்கு மாதம் இருக்கிறது. யார் பேச்சைக் கேட்பது? – ஹூஸ்டன் வாசகர்

இரண்டு கட்சிக்காரர்களும் தங்களுக்குப் பலித்ததைத்தான் சொல்கிறார்கள். உங்களுக்கு எது பலிக்கும் என்பதை நாலு மணி நேரத்தில் நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

தேர்வை நடத்தும் என்.சி.இ.இ.எஸ். ஒவ்வொரு பிரிவுக்கும் மாதிரித் தேர்வு விற்கிறது. கோர்ஸ் கட்டணத்தோடு ஒப்பிட்டால் அதன் விலை ஒன்றுமே இல்லை. நிஜத் தேர்வைப் போல 80 கேள்வி உள்ளதை வாங்குங்கள். ஒற்றைப்படை எண்ணுள்ள 40 கேள்விகளை மட்டும், ஒரே அமர்வில், 4 மணி நேரத்தில் போடுங்கள். கேள்விகள் பெரும்பாலும் பாடவாரியாக வரிசையாக இருப்பதால், முதல் 40-ஐப் போட்டால் பாதிப் பாடம்தான் வரும். ஒன்றுவிட்டு ஒன்று போட்டால் எல்லாப் பாடமும் வந்துவிடும். மீதி 40-ன் பக்கம் இப்போது திரும்பிக்கூடப் பார்க்காதீர்கள். தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கும்போது அவை தேவைப்படும்.

போட்டு முடித்ததும் மதிப்பெண்ணைவிட முக்கியம், தவறுகளைப் பிரிப்பது. நான்கு குவியல் போதும்: பாடமே தெரியாதது, சூத்திரம் எங்கே என்று கண்டுபிடிக்க முடியாமல் போனது, யூனிட்டிலோ கால்குலேட்டரிலோ கோட்டை விட்டது, கேள்வியைச் சரியாகப் படிக்காதது. இந்த நான்கில் கோர்ஸ் நேரடியாகத் தீர்த்துவைப்பது முதல் குவியலை மட்டும்தான். மற்ற மூன்றும் நீங்களே கணக்குப் போட்டுப் போட்டுத்தான் குறைய வேண்டும். வாத்தியார் போடுவதைப் பார்த்து அவை குறையாது.

40-ல் 22, 23 சரியாக வந்து, தவறுகள் பின் மூன்று குவியல்களில் கிடந்தால் கோர்ஸ் வேண்டாம். 14-க்குக் கீழே வந்து, முதல் குவியல் எல்லாப் பாடத்திலும் பரவிக் கிடந்தால் சேர்ந்துவிடுங்கள். நடுவில் இருந்தால், முழு கோர்ஸ் வாங்காமல் பலவீனமான ஒரு பாடத்துக்கு மட்டும் வீடியோ கிடைக்கிறதா என்று தேடுங்கள். இந்த எண்கள் எங்கள் கைக்கணக்குதான். என்.சி.இ.இ.எஸ். பாஸ் மார்க்கை வெளியிடுவதில்லை. ரிசல்ட்டில் பாஸ், ஃபெயில் மட்டுமே வரும்.

நேரக் கணக்கையும் பார்த்துவிடுவோம். வாரநாளில் நான்கு நாள் ஒன்றரை மணி நேரம், சனி 5, ஞாயிறு 4: வாரத்துக்கு 15 மணி. 16 வாரத்துக்கு 240. நடுவில் காய்ச்சல், கல்யாணம், புராஜெக்ட் டெட்லைன் என்று பத்துப் பதினைந்து சதவீதம் போனாலும் 200-க்கு மேல் நிற்கும். வேலையில் இருப்பவருக்கு அது போதும். லைவ் வகுப்பு 80 மணி நேரம் என்றால் கணக்குப் போட மிஞ்சுவது 160-க்கும் குறைவு. கோர்ஸ் எடுத்தும் தவறுகிறவர்கள் வழுக்கும் இடம் இதுதான்: வகுப்பில் உட்கார்ந்த நேரத்தைப் படித்த நேரம் என்று கணக்கு எழுதிவிடுகிறார்கள். ஒரு மணி வகுப்புக்கு இரண்டு மணி கணக்கு என்ற விகிதம் குறையக் கூடாது. ரெக்கார்டிங் பார்க்கிறவர்கள், கேள்வி திரையில் வந்ததும் நிறுத்திவிட்டுத் தாங்களே போட்டுப் பார்த்த பிறகுதான் மேலே ஓட்ட வேண்டும்.

இன்னொரு விஷயம். கோர்ஸ் விற்பது அறிவை என்று நினைக்காதீர்கள். அது விற்பது வரிசையையும் தேதியையும். ஏற்கெனவே இரண்டு முறை டைம்டேபிள் போட்டு மூன்றாவது வாரத்தில் கைவிட்டவர் என்றால், 22 வாங்கியிருந்தாலும் கோர்ஸ் உங்களுக்குப் பிரயோஜனப்படும். செவ்வாய், வியாழன் இரவு ஒருவர் கட்டாயம் உட்காரவைப்பதற்கான கூலி அது. அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

கேள்வி: பாடம் தெரிகிறது, ஆனால் ஹேண்ட்புக்கில் தேடியே நேரம் போய்விடுகிறது. கோர்ஸில் இதற்குப் பயிற்சி தருவார்களா? – சிகாகோ வாசகி

சில கோர்ஸ்களில் தருகிறார்கள். ஆனாலும் இதை நீங்களே பழகுவதுதான் நிற்கும்.

பழைய பேனா–பேப்பர் காலத்தில், பெட்டி நிறையப் புத்தகமும் ஸ்டிக்கர் ஒட்டிய நோட்டும் தூக்கிக்கொண்டு போவார்கள். சிவில் பி.ஈ. 2022 ஜனவரியிலிருந்து கம்ப்யூட்டருக்கு மாறிவிட்டது. இப்போது என்.சி.இ.இ.எஸ். திரையில் தரும் ஹேண்ட்புக்கும், பிரிவுக்கு ஏற்ற டிசைன் கோடுகளும் (வடிவமைப்பு விதிமுறைப் புத்தகங்கள்) மட்டும்தான். 80 கேள்விக்கு 8 மணி நேரம், கேள்விக்கு 6 நிமிஷம். ஒவ்வொரு கேள்விக்கும் தேடலில் 2 நிமிஷம் வீணானால் மொத்தத்தில் 160 நிமிஷம், அதாவது 26 கேள்விக்கான நேரம் காணாமல் போகும்.

ஹேண்ட்புக் பிடிஎஃப்-ஐ உங்கள் மைஎன்.சி.இ.இ.எஸ். கணக்கிலிருந்து இலவசமாக இறக்கலாம். முதல் நாளிலிருந்தே அதிலேயே படியுங்கள். தாளில் அச்சடித்துப் படிக்காதீர்கள். தாளில் பக்கம் நினைவிருக்கும், திரையில் அது உதவாது. தேர்வு அறையில் ஒரு பக்கம் கேள்வி, மறுபக்கம் பிடிஎஃப் என்று திரை பிரிந்திருக்கும். வீட்டிலும் அப்படியே பிரித்துவைத்துப் பழகுங்கள்.

தேடும் சொல்லில்தான் சூட்சுமம். ‘ஃப்ளோ’ என்று தேடினால் நூற்றுக்கணக்கில் வந்து கொட்டும். ‘மேனிங்’ (நீரோட்டச் சூத்திரத்தின் பெயர்) என்று ஒரு சொல் போட்டால் நேரே போய் நிற்கும். அதனால் படிக்கும்போதே ஒவ்வொரு கணக்குக்கும் பக்கத்தில், எந்தச் சொல்லைத் தேடினால் குறைந்த இடங்களில் வந்தது என்று குறித்து வையுங்கள். 150, 200 சொல் சேர்ந்ததும் பாதி மனப்பாடமாகிவிடும். டிசைன் கோடுகளில் இன்னொரு கஷ்டம்: அவை அத்தியாயம் அத்தியாயமாகத்தான் திறக்கும், திறந்த அத்தியாயத்துக்குள் மட்டும்தான் தேட முடியும். எந்த விஷயம் எந்த அத்தியாயம் என்பது தெரியாவிட்டால் தேடுபொறி இருந்தும் பயனில்லை. ஸ்ட்ரக்சுரல், டிரான்ஸ்போர்ட்டேஷன் எழுதுகிறவர்கள் கோடுகளின் பொருளடக்கத்தைத் தனியாக இரண்டு மாலை உட்கார்ந்து படிக்க வேண்டும்.

கண்டுபிடித்த பிறகும் வழுக்கும். மேனிங் சூத்திரத்தால் நீரோட்ட அளவைக் கண்டுபிடிக்கும் ஒரு கணக்கைப் பாருங்கள். 24 அங்குல விட்டமுள்ள கான்கிரீட் குழாய், முழுக்க நிரம்பி ஓடுகிறது, சரிவு 0.005, குழாயின் சொரசொரப்பைக் குறிக்கும் ‘n’ மதிப்பு 0.013. பரப்பு 3.14 சதுர அடி. ஹைட்ராலிக் ரேடியஸ் விட்டத்தில் கால் பங்கு, 0.5 அடி. 1.486-ஐ 0.013-ஆல் வகுத்து, பரப்பாலும், 0.5-ன் மூன்றில் இரண்டு அடுக்காலும், 0.005-ன் வர்க்கமூலத்தாலும் பெருக்கினால் விநாடிக்கு 16 கன அடி. மெட்ரிக் பழக்கத்தில் 1.486-ஐ விட்டுவிட்டால் 10.8 வரும். ஹைட்ராலிக் ரேடியஸுக்குப் பதில் வட்டத்தின் ஆரமான 1 அடியைப் போட்டால் 25.4. பரப்பை விட்டத்தின் வர்க்கம் என்று எடுத்தால் 20.4. தேர்ந்தெடுக்கத் தரும் விடைகளில் இந்த நான்கும் உட்கார்ந்திருக்கும்! உங்கள் விடை பட்டியலில் இருக்கிறது என்பதால் அது சரி என்று நம்ப முடியாத தேர்வு இது.

கேள்வி: போன தலைமுறை சீனியர் ஒருவர் கோர்ஸ் பைண்டரும் புத்தகங்களும் சும்மா தருகிறேன் என்கிறார். வாங்கிக்கொள்ளலாமா? – டாலஸ் வாசகர்

வாங்கிக்கொள்ளுங்கள், அடிப்படைக் கணக்குகள் எங்கேயும் போகாது. ஆனால் மூன்று இடத்தில் உஷார்.

சிவில் என்றால், 2024 ஏப்ரலில் தேர்வின் அமைப்பே மாறியது. அதற்கு முன் காலையில் எல்லாப் பிரிவுக்கும் பொதுவான பாடம், மாலையில் உங்கள் பிரிவு. இப்போது நாள் முழுக்க உங்கள் பிரிவை ஒட்டியே கேள்விகள். பழைய பைண்டரில் காலைப் பகுதிக்கென்று கொடுத்திருக்கும் பக்கங்களைப் புரட்டும் முன், புதிய பாடத்திட்டத்தை என்.சி.இ.இ.எஸ். தளத்திலிருந்து எடுத்து, அதில் உள்ளவற்றை மட்டும் டிக் செய்யுங்கள். மாதிரித் தேர்வும் புதிய அமைப்புக்கானதாக இருக்கட்டும்.

கோடு பதிப்பு மாறினால் சூத்திரமே மாறலாம். கான்கிரீட்டுக்கான கோடு ஏ.சி.ஐ. 318-ன் 2014 பதிப்பில் ஷியருக்கு (வெட்டுவிசைக்கு) எளிய சமன்பாடு ஒன்றை வைத்தே பெரும்பாலும் ஒப்பேற்றலாம். 2019 பதிப்பில் குறைந்தபட்ச ஷியர் கம்பி இல்லாத இடங்களில் கம்பி விகிதமும் ஆழத்துக்கான குறைப்பும் உள்ளே வந்துவிட்டன. எலெக்ட்ரிக்கல் பவர் எழுதுகிறவர்களுக்கு: கம்பியின் ஆம்பியர் கொள்ளளவு அட்டவணை, நேஷனல் எலெக்ட்ரிக்கல் கோடின் 2017 பதிப்பில் 310.15(பி)(16), 2020 பதிப்பில் 310.16. பழைய நோட்டில் எழுதிய எண்ணைத் தேடினால் திரையில் ஒன்றும் வராது. உங்கள் தேர்வுத் தேதிக்கு எந்தப் பதிப்பு என்பது பாடத்திட்டத்துடனேயே பட்டியலாகத் தரப்பட்டிருக்கும்.

மூன்றாவது, சீனியர் காலத்துக் கேள்விகள் எல்லாம் நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வகை. இப்போது சரியான எல்லாவற்றையும் தேர்ந்தெடு, விடையை நீயே டைப் செய், படத்தில் இடத்தைச் சுட்டு, இழுத்துப் பொருத்து என்ற வகைகளும் உண்டு. பாதி சரி என்றால் பாதி மார்க் கிடையாது.

கேள்வி: எலெக்ட்ரிக்கல் பவர் இரண்டு முறை எழுதித் தவறிவிட்டேன். இரண்டு முறையும் சொந்தப் படிப்பு. இந்தத் தடவை கோர்ஸ்தானே வழி? – நியூ ஜெர்சி வாசகர்

அவசரப்படாதீர்கள். ஃபெயில் ஆனவர்களுக்கு என்.சி.இ.இ.எஸ். ஒரு டயக்னாஸ்டிக் ரிப்போர்ட் தருகிறது. பாடவாரியாக உங்கள் நிலையும், பாஸ் ஆனவர்களின் சராசரியும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். இரண்டு ரிப்போர்ட்டையும் ஒன்றாக வைத்துப் பாருங்கள்.

இரண்டிலும் அதே இரண்டு மூன்று பாடம் பள்ளத்தில் கிடந்தால், அந்தப் பாடங்கள் உங்களுக்குத் தானாகப் பிடிபடவில்லை என்று அர்த்தம். புரொட்டெக்ஷன், பவர் எலெக்ட்ரானிக்ஸ் மாதிரி வேலையில் கை படாத பாடங்களில் இது சகஜம். அங்கே ஆள் சொல்லிக்கொடுப்பது வேலை செய்யும்; கோர்ஸ் எடுங்கள். ஆனால் முதல் முறை ஒரு பாடம், இரண்டாம் முறை வேறு பாடம், எல்லாமே சராசரிக்குச் சற்றுக் கீழே என்றால் நோய் வேறு: நேரம், தேடல், யூனிட். அதே கோர்ஸை மூன்று முறை கேட்டாலும் அது தீராது.

பவரில் அடிக்கடி நடக்கும் ஒரு சறுக்கலைச் சொல்கிறோம். 100 கேவிஏ, 480 வோல்ட், மூன்று ஃபேஸ். லைன் கரண்ட் 100,000-ஐ 1.732 பெருக்கல் 480-ஆல் வகுத்தால் 120 ஆம்பியர். 1.732-ஐ மறந்தால் 208. அது கன்டின்யூயஸ் லோடு என்று கேள்வியின் நடுவில் ஒரு சொல் இருந்தால், 125 சதவீதம் கணக்கிட்டு 150-க்குக் கம்பி பார்க்க வேண்டும். சூத்திரம் தெரிந்தவர்கள்தான் இந்தச் சொல்லைத் தாண்டிப் போகிறார்கள், வேகத்தில். கடைசி வாக்கியத்தை முதலில் படித்து, என்ன கேட்கிறார்கள், எந்த யூனிட்டில் என்று எழுதிவைத்துவிட்டு மேலே போய்ப் படிக்கப் பழகுங்கள்.

அடுத்த தேதிக்கு: மூன்று மாதத்துக்கு ஒன்றாக உள்ள தேர்வுச் சாளரத்தில் ஒரு முறைதான் எழுதலாம், 12 மாதத்தில் மூன்று முறைக்கு மேல் முடியாது. லைசென்ஸ் தரும் மாநில போர்டுகளில் சில இதைவிடக் கடுமையாக இருக்கும். உங்கள் போர்டின் விதியைப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

கேள்வி: ‘பாஸ் கேரன்டி’ என்று விளம்பரம் செய்கிறார்களே, நம்பலாமா? – அட்லாண்டா வாசகி

கேரன்டி என்பது பெரும்பாலும் மறுபடி அதே கோர்ஸை இலவசமாகக் கேட்கலாம் என்பதுதான். பணம் திரும்புவது அபூர்வம். அதற்கும் வருகைப் பதிவு, வீட்டுப்பாடம் முடித்த கணக்கு, ஃபெயில் ரிப்போர்ட்டைக் குறிப்பிட்ட நாளுக்குள் அனுப்புவது என்று நிபந்தனைகள் இருக்கும். பணம் கட்டும் முன் நான்கு விஷயம் எழுத்தில் கேளுங்கள்: ரெக்கார்டிங் எத்தனை மாதம் திறந்திருக்கும், உங்கள் தேர்வுத் தேதி அதற்குள் வருகிறதா, எந்தப் பாடத்திட்டப் பதிப்புக்கு எடுத்தது, சந்தேகம் கேட்டால் யார் எத்தனை நாளில் பதில் சொல்வார்கள். கடைசிக் கேள்விக்கு மழுப்பினால் நீங்கள் வாங்குவது வீடியோ மட்டும்தான். அதற்கு அந்த விலை வேண்டியதில்லை.

ஆபீஸ் பணம் தருவதாக இருந்தால், பாஸ் ஆன பிறகுதானா, கோர்ஸுக்குமா அல்லது தேர்வுக் கட்டணத்துக்கு மட்டுமா என்று ஹெச்.ஆரிடம் மெயிலில் வாங்கிவையுங்கள்.

கேள்வி: ஊரில் மெக்கானிக்கல் முடித்துப் பன்னிரண்டு வருஷம். இன்னும் எஃப்.ஈ. (பி.ஈ.க்கு முந்தைய அடிப்படைத் தேர்வு) கூட எழுதவில்லை. எனக்கு கோர்ஸ் தேவைதானே? – டெட்ராய்ட் வாசகர்

பி.ஈ.யைவிட எஃப்.ஈ.க்குத்தான் கோர்ஸ் அதிகம் உதவும், அதுவும் உங்களைப் போல இடைவெளி விழுந்தவர்களுக்கு. பி.ஈ. கேட்பது நீங்கள் தினம் செய்யும் வேலையின் ஓரங்களை. எஃப்.ஈ. கேட்பது கால்குலஸிலிருந்து எத்திக்ஸ் வரை கல்லூரி நான்கு வருஷத்தையும். அகலம் அதிகம், ஆழம் குறைவு, 110 கேள்விக்கு 5 மணி 20 நிமிஷம். ஒரு கேள்விக்கு மூன்று நிமிஷம்கூட இல்லை. அகலமான பாடத்துக்கு வரிசை போட்டுத் தருவது கோர்ஸின் பலம்.

ஆனால் ஊரில் படித்தவர்களுக்கு வரும் தனிக் கஷ்டம் ஒன்றை எல்லா கோர்ஸும் கண்டுகொள்வதில்லை: யூனிட். எஃப்.ஈ.யில் மெட்ரிக், அடி–பவுண்டு என்ற இரண்டு அளவு முறைகளும் கலந்து வரும். பவுண்டு என்பது நிறையா, விசையா என்பதிலேயே பாதிப் பேர் தடுமாறுவார்கள். நிறையைப் பவுண்டில் வைத்து முடுக்கத்தால் பெருக்கினால், 32.2-ஆல் வகுத்தால்தான் பவுண்டு விசை வரும். அடி ஒன்றுக்கு 2 கிப் (ஒரு கிப் 1,000 பவுண்டு விசை) பாரம் தாங்கும், இரு முனையிலும் எளிய தாங்கலுள்ள 24 அடி பீமின் நடுவில் மொமென்ட் 144 கிப்-அடி. ஸ்ட்ரெஸ் கண்டுபிடிக்க அதை 12-ஆல் பெருக்கி 1,728 கிப்-அங்குலமாக்க வேண்டும். அந்த 12 விட்டுப்போவதற்குக் கணக்கே இல்லை. முதல் இரண்டு வாரம் புதுப் பாடம் எதையும் தொடாமல், தெரிந்த கணக்குகளையே அடி–பவுண்டில் போட்டுத் தள்ளுங்கள்.

பட்டத்தைப் பற்றியும் இப்போதே பாருங்கள். வெளிநாட்டுப் பட்டத்துக்குப் பல மாநில போர்டுகள் மதிப்பீடு கேட்கும், என்.சி.இ.இ.எஸ். அந்தச் சேவையைத் தருகிறது. பல்கலைக்கழகத்திலிருந்து மதிப்பெண் பட்டியல் நேரடியாக வர வேண்டியிருக்கும் என்பதால் மாதக்கணக்கில் இழுக்கும். படிப்பும் அதுவும் ஒரே நேரத்தில் ஓடட்டும்.

கேள்வி: கல்லூரியில் வாங்கிய கேசியோவையே எடுத்துப்போகலாமா? – சான் ஹோசே வாசகர்

பின்பக்க மாடல் பெயரில் எஃப்எக்ஸ்-991 அல்லது எஃப்எக்ஸ்-115 என்று இருந்தால் தாராளமாக. எஃப்எக்ஸ்-82, எஃப்எக்ஸ்-100 வகைகளுக்கு அனுமதி இல்லை. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸில் டிஐ-30எக்ஸ், டிஐ-36எக்ஸ், ஹெச்.பி.யில் 33எஸ், 35எஸ். ஒரே மாடலில் இரண்டு வாங்கி, ஒன்றில்தான் எல்லாக் கணக்கும் போட வேண்டும். தேர்வுக்கு முந்தைய நாள் புது மாடலுக்கு மாறினால் டிகிரி–ரேடியன் எங்கே மாற்றுவது என்றே தெரியாமல் நிற்பீர்கள்.

நீங்கள் கலிஃபோர்னியாவில் இருப்பதால் ஒன்று: சிவில் என்றால் பி.ஈ. பாஸ் ஆனது மட்டும் போதாது, சீஸ்மிக், சர்வேயிங் என்று மாநிலம் வைக்கும் இரண்டு தேர்வும் உண்டு. அவற்றில் பாடம் சின்னது, நேரம் மிகக் குறைவு. பி.ஈ. கோர்ஸ்களில் அவை அடங்காது.

கேள்வி: தேர்வு அறையில் நேரத்தை எப்படிப் பிரிப்பது? கோர்ஸில் சொன்னது ஒன்று, நண்பர் சொல்வது ஒன்று. – சியாட்டில் வாசகி

8 மணி நேரமும் உங்களுடையது. பாதிக் கேள்வி முடிந்ததும் அந்தப் பகுதியைச் சமர்ப்பித்துவிட்டு 50 நிமிஷ இடைவேளைக்குப் போகலாம். சமர்ப்பித்த பிறகு அந்தக் கேள்விகளுக்குத் திரும்ப முடியாது. பிரிக்கிற பொறுப்பு உங்களுடையது என்பதால் முதல் பாதியிலேயே ஐந்து மணி நேரத்தைத் தின்றுவிட்டு வெளியே வருகிறவர்கள் உண்டு.

முதல் சுற்றில் பார்த்தவுடன் வழி தெரிகிறதை மட்டும் போடுங்கள். வழி தெரிந்தும் நீளமானதைக் கொடியிட்டு விடுங்கள். வழியே தெரியாததற்கு ஏதாவது ஒரு விடையைத் தட்டிவிட்டுக் கொடியிடுங்கள். தவறுக்கு மார்க் குறைக்க மாட்டார்கள், காலியாக விட்டால் மட்டும் நிச்சயம் பூஜ்யம். இரண்டாம் சுற்றில் நீளமானவை, மூன்றில் மீதி. கடிகாரம் 4 மணி 10 நிமிஷத்தைக் காட்டும்போது, எத்தனை கொடி பறந்தாலும் முதல் பாதியைச் சமர்ப்பித்துவிட்டு எழுந்து போய்ச் சாப்பிடுங்கள். முன்னால் சொன்ன இரட்டைப்படை 40 கேள்விகளை ஒத்திகை பார்க்கும்போது இந்த மூன்று சுற்றையும் சேர்த்தே பழகுங்கள். தேர்வு மையத்தில் தருவதைப் போல, தாளும் பென்சிலும் இல்லாமல், அழித்து எழுதும் அட்டையும் மார்க்கரும் வைத்து.

ரிசல்ட் பொதுவாக 7 முதல் 10 நாளில், மெயிலில் வரும்.